அணில் கடித்த அத்தி

“மகன் ஊர்ல எனக்குன்னு ஒரு மடம் கட்டி முடிச்சுட்டாம்மா. போர்டுகூட எழுதியாச்சு. வெள்ளிக்கிழமை காரோட வர்றான். நான் போய் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கட்டுமா?” என்று கேட்டார் ஏகாம்பரம்.

மளிகைக் கடையை மகனிடம் விட்டுவிட்டு, போன வருடம்தான் நாச்சியாரிடம் சீடராகச் சேர்ந்தவர் அவர். நாச்சியாருக்கு அவருடைய மகளின் வயதுதான்.

“உங்களைத் தேடி யாராவது வந்தாங்களா ஐயா?”

“போர்டு வெச்சா வருவாங்கம்மா. பக்கத்துத் தெருவுல ஒருத்தர் ஆரம்பிக்கப் போறாராம். நான் பிந்திட்டா கூட்டம் அங்க போயிடும்.”

நாச்சியாருக்குச் சிரிப்பு வந்தது.

“சரி. வெறுங்கையோட போக வேண்டாம். தோட்டத்துல அத்தி இருக்கு. அங்க வர்றவங்களுக்குக் கொடுக்கப் பறிச்சு வைங்க.”

ஏகாம்பரம் கூடை நிறையப் பறித்து வந்தார். அத்தனையும் பச்சை. காம்பில் வடிந்த பால் அவர் விரல்களில் பிசுபிசுத்தது.

“பழுக்கலையே” என்றார் நாச்சியார்.

“விட்டா அணில் தின்னுடும்மா. அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடி வெச்சா தன்னால பழுத்துடும். எத்தனை மாங்காயை நான் அப்படிப் பழுக்க வெச்சிருக்கேன்.”

மளிகைக் கடைக்காரரிடம் அரிசியைப் பற்றி யார் வாதாடுவது? நாச்சியார் பானையைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏகாம்பரம் பானைக்குள் கையை விட்டார். எல்லாம் சுருங்கிக் கிடந்தன. ஒன்றைக் கடித்துப் பார்த்தார். சக்கை. உதடு வேறு அரித்தது.

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

வெட்கத்தோடு பானையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். நாச்சியார் மரத்தடியில் நின்றிருந்தார். ஏகாம்பரம் பறிக்காமல் விட்ட ஒன்று கிளையிலேயே கனிந்து, கழுத்து தளர்ந்து தொங்கியது. ஒரு பக்கம் அணில் கடித்திருந்தது.

நாச்சியார் கடித்த பக்கத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியை நீட்டினார்.

ஏகாம்பரம் வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இப்படி ஓர் இனிப்பை அவர் தன் கடையில் ஒருநாளும் விற்றதில்லை.

ஹாரன் மறுபடி அடித்தது.

வாசலுக்குப் போனார். “போர்டைக் கழட்டி வெச்சுடுப்பா” என்று மகனிடம் சொல்லி, காரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார்.

“எனக்குக் காலம் வந்தா நீங்க சொல்வீங்களாம்மா?”

“நான் எதுக்குச் சொல்லணும்? அணில் வந்துடுமே.”