திருப்பிப் போட்ட ரவிக்கை

மலையெல்லாம் கைக்குழந்தையாக இருந்த ஒரு காலத்திலே, கொடுக்காப்புளியூர் என்று ஓர் ஊர். அந்த ஊரில் பேச்சி என்று ஒரு பெண். பேர்தான் பேச்சி. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னால் வியர்த்துக் கொட்டிவிடும். கேளுங்கள் இந்தக் கூத்தை, அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் சபையில் பேசுகிற வேலை வந்து சேர்ந்தது!

ஒருநாள் விறகு பொறுக்கிவிட்டு வந்து பார்த்தால் ஊரே கல். ஆடு கல், மாடு கல், அம்மியில் வைத்த கையோடு அண்ணன் பெண்டாட்டி மாடத்தி மதினியும் கல். பேச்சி அழுதுகொண்டே கரடிமலைக்கு ஓடினாள். அங்கே இருக்கிற மந்திரவாதி வக்கிரகேதுவின் வேலைதான் அது. தெருவழியே போனவனை ஒருத்தரும் வாங்க என்று கேட்கவில்லையாம். அந்தக் கோபம்.

"மூன்று நாள் தருகிறேன். என் சபையில் நின்று உன் ஊருக்காகப் பேசு. என் மனம் இளகினால் ஊர் எழும். இளகாவிட்டால் நீயும் கல்" என்றான் அவன்.

என்ன பேசுவது என்பதைவிட, என்ன உடுத்திக்கொண்டு போவது என்பதுதான் அவளுக்குப் பெருங்கவலையாகிவிட்டது. சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்னவாம்?

முதல் நாள் நாட்டாமை வீட்டுப் பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு மதினி முன்னால் போய் நின்றாள். "மதினி, எடுப்பா இருக்கா?" கல் பதில் சொல்லுமா? சொல்லவில்லை. சபையிலே இருந்த பூதங்கள் சரிகையைத்தான் பார்த்தன. அவள் பேசப் பேச, எந்த ஊர் நெசவு, என்ன விலை என்று தங்களுக்குள் விசாரித்துக்கொண்டன. மந்திரவாதி கொட்டாவி விட்டான்.

மறுநாள் புலவர் வீட்டுச் சால்வை. "மதினி, எடுப்பா இருக்கா?" பதில் இல்லை. சால்வை போர்த்தியவள் பெரிய பெரிய தமிழாகப் பேசுவாள் என்று பூதங்கள் காத்திருந்தன. அவளும் பெரிய சொல்லாகத் தேடினாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. மந்திரவாதி கண்ணை மூடிக்கொண்டான்.

அன்றைக்குச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஊர் நிறைய ஆள் இருக்கிறது, ஓர் இருமல் சத்தம் இல்லை. ஐயோ, தனியாக இருப்பது இவ்வளவு கொடுமையா என்று விம்மி விம்மி அழுதாள்.

மூன்றாம் நாள் எந்தப் பெட்டியையும் திறக்கவில்லை. கொடியில் கிடந்த தன் ரவிக்கையையும் தாவணியையும் உடுத்திக்கொண்டு நேரே போய்விட்டாள். சபையில் கால் வைத்ததுமே பூதங்கள் விழுந்து விழுந்து சிரித்தன. குனிந்து பார்த்தால் தையலும் நூலும் வெளியே தொங்குகின்றன! படித்து வைத்திருந்த பேச்செல்லாம் பறந்துபோயிற்று.

"ரவிக்கையைத் திருப்பிப் போட்டுட்டேன். பார்த்துச் சொல்ல வீட்டுல ஆளில்லை. எங்க மதினி இருந்திருந்தா வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டா" என்றாள்.

சிரிப்பு நின்றது. பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு மந்திரவாதியை உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, உங்க அங்கியும் திருப்பித்தான் இருக்கு."

பூதங்கள் நடுங்கிப்போயின. அவன் குனிந்து பார்த்தான். ஆமாம், தையல் வெளியே. எத்தனை வருஷமாகவோ அப்படியே திரிந்திருக்கிறான். பார்த்தவர்கள் எல்லாரும் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

"எனக்கும் சொல்ல ஆளில்லையே, தாயி" என்றான். அவன் கண்ணீர் தரையில் விழுந்ததும் மலை குலுங்கியது. மந்திரம் உடைந்தது.

பேச்சி ஓட்டமாக ஓடி வந்தாள். ஆடு கத்துகிறது, மாடு கத்துகிறது, மதினி அம்மியை விட்டு எழுந்து நிற்கிறாள். இடுப்பில் கை வைத்து மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏட்டி, என்ன கோலம் இது? ரவிக்கையைத் திருப்பிப் போட்டுக்கிட்டா ஊரைச் சுத்திட்டு வார?"

"இன்னொரு தடவை சொல்லுங்க மதினி" என்றாள் பேச்சி, அழுகையும் சிரிப்புமாக.

மதினி விடுவாளா? பேச்சிக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வந்து நின்றவனையும் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய மந்திரவாதி, தலையைக் குனிந்துகொண்டு, ஆசை ஆசையாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.