மீனெடுக்கும் கை

ஹுவோ தன் இடைக்கச்சையை அவிழ்த்து, மடித்து, ஆசான் நிங்கின் காலடியில் வைத்தான். அந்தத் தற்காப்புக்கலைப் பள்ளியை விட்டுப் போகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஒருமுறை வைத்துவிட்டால் தானாக எடுத்துக் கட்டிக்கொள்ள முடியாது. ஆசானே எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

ஆசான் முற்றத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். கச்சையைப் பார்த்தார். தொடவில்லை.

"என்ன ஆச்சு?"

"கை வேலை செய்யல, ஆசானே."

"எந்தக் கை?"

"ரெண்டும்தான். யார் மேல வச்சாலும் நடுங்குது."

மலைப்பாதையில் தேயிலை மூட்டை ஏற்றிய கோவேறு கழுதைகளுக்குக் காவல் போய்ப் போய்த் தாடி நரைத்த மனிதன் அவன். அவன் வருகிறான் என்று தெரிந்தால் கொள்ளைக்காரர்களே வேறு பாதை பார்ப்பார்கள். ஆசான் நிங் வயதில் அவனுக்கு இளையவர். அவன் சேர்ந்தபோது ஊரில் அதைச் சொல்லிக் கேலி பேசினார்கள். ஆனால் அந்தப் பள்ளியில் வயதெல்லாம் வாசல் வரைக்கும்தான். உள்ளே வந்துவிட்டால் அவர் ஆசான், இவன் சீடன்.

அங்கே சொல்லிக்கொடுத்தது ஆற்றுக்கொக்கு முறை. குத்துவதும் உதைப்பதும் அதில் குறைவு. எதிராளியின் முன்கைமேல் தன் முன்கையை மெல்ல வைக்க வேண்டும். அழுத்தவும் கூடாது, எடுக்கவும் கூடாது. அசைகிற மனிதனுக்கு ஒரு காலில் பாரம் இருந்தால் மறுகால் பாரமில்லாத வெறுங்கால். பாரம் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் நொடியைத் தோல் வழியாகவே கேட்க வேண்டும். கேட்டதும், தடுக்காமல், அவன் போகும் பக்கமே ஒரு சின்ன இழுப்பு. அதற்கு 'ஆற்றோடு போதல்' என்று பெயர். அவன் தன் பாரத்தாலேயே சரிவான். சரிகிறவனை நோக்கி மற்றக் கை, உள்ளங்கை மேலே பார்க்க, கீழிருந்து எழும்பி நெஞ்சில் இடிக்கும். அது 'மீனெடுத்தல்'. அதோடு சண்டை முடிந்தது.

இந்த முறையை உண்டாக்கியவள் ஷியூலான் என்ற பெண் என்பார்கள். ஆற்றில் ஒற்றைக்காலில் நின்ற கொக்கு தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் சட்டென்று மீனை எடுத்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். பள்ளிச் சுவரிலும் ஒரு கொக்கை வரைந்து வைத்திருந்தார்கள். ஹுவோ இதை முழுசாக நம்பினான். சேர்ந்த புதிதில் விடிந்ததும் ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டு கொக்கையே பார்ப்பான். கொக்குக்குச் சலித்துப்போய் எதிர்க்கரைக்குப் பறந்துவிடும். இவனுக்குச் சலிக்காது.

வசந்தத் திருவிழாவில் போட்டிக்கு மேடை போட்டார்கள். பக்கத்து ஊர் குயவன் ரோங் எதிரே வந்து நின்றான். இளவயது, களிமண் பிசைந்து உரமேறிய தோள். ஹுவோ கையை வைத்தான், கேட்டான், இழுத்தான், மீனெடுத்தான். கூட்டம் ஆர்ப்பரித்து முடிப்பதற்குள் ரோங் மேடைக்குக் கீழே, முரசு வைத்திருந்த கல்மேல் கிடந்தான். அத்தனை சத்தத்திலும் இடுப்பெலும்பு முறிந்த சத்தம் ஹுவோவுக்குக் கேட்டது.

இப்போது இலையுதிர்காலம். எலும்பு கூடிவிட்டது. கால்தான் நிற்கவில்லை. ரோங்கின் சக்கரம் காலால் உதைத்துச் சுற்றுகிற சக்கரம்.

"எத்தனையோ தடவை மனசுல ஓட்டிப் பாத்துட்டேன், ஆசானே," என்றான் ஹுவோ. "கை வச்சது சரி. கேட்டது சரி. இழுத்தது சரி. மீனெடுத்ததும் சரி. நீங்க சொல்லிக்குடுத்ததுல ஒண்ணுகூடப் பிசகல. அப்புறம் எங்கே தப்பு?"

ஆசான் ஒரு காயை எடுத்து முனையைக் கிள்ளினார்.

"ரோங் வீட்டுல இருந்து அவன் சூளை எவ்வளவு தூரம்?"

"கூப்பிடு தூரம்தான்."

"தினமும் காலையில போ. அவனைச் சூளை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போ. திரும்பக் கொண்டுவந்து விடு."

"மூஞ்சியில காறித் துப்புவான்."

"துடைச்சுக்கோ."

"எனக்குத்தான் கை நடுங்குதுன்னு சொன்னேனே!"

"அவனுக்குக் கால் நடுங்குது," என்றார் ஆசான். "போயிட்டு வா."

கச்சை அங்கேயே கிடந்தது.

*

ரோங் துப்பவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி ஹுவோவை ஏற இறங்கப் பார்த்தான், அவ்வளவுதான். துப்பியிருந்தால் தேவலை என்றிருந்தது ஹுவோவுக்கு.

ரோங்கின் மனைவி சுன்மெய்தான் அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள்.

"இன்னொரு கால் மிச்சம் இருக்கேன்னு வந்தியா?"

"நடக்கக் கூட்டிட்டுப் போக வந்தேம்மா."

"நீயா?"

ஹுவோ தலையைக் குனிந்துகொண்டு தூறலில் நின்றான். அவள் கதவைச் சாத்தப் போனாள்.

"விடு," என்றான் ரோங் உள்ளேயிருந்து. "என்னைத் தாங்க உனக்குத் தெம்பு பத்தல. அக்கம்பக்கத்துல எவனும் எட்டிப் பாக்கல. வந்தவன் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போறேன். என் சூளையை நான் பாக்கணும்."

ஹுவோ முன்கையை நீட்டினான். ரோங் அதன்மேல் தன் முன்கையை வைத்து எழுந்தான். கையும் நடுங்கியது, காலும் நடுங்கியது. அந்த லட்சணத்தில் இருவரும் படி இறங்கினார்கள்.

பாதி வழியில் ரோங்கின் முறிந்த பக்கத்துக் கால் பாரத்தை விட்டது. ஹுவோவின் தோல் அதைக் கேட்டது. அவன் நினைப்பதற்குள் கை இழுத்துவிட்டது.

இருவரும் சேற்றில் விழுந்தார்கள்.

ரோங் மல்லாந்து கிடந்தபடி சிரித்தான். அழுகைக்குப் பக்கத்தில் இருந்த சிரிப்பு அது. "பழக்கம் போகல, இல்ல?"

ரோங்கைத் தூக்கி வீட்டில் விட்டுவிட்டு ஹுவோ பள்ளிக்கு ஓடிவந்தான். சேறு படிந்த இரண்டு கைகளையும் ஆசான் முன்னால் நீட்டினான். "வெட்டிப் போட்டுடுங்க, ஆசானே. இது கை இல்ல, கண்ணி. யார் வந்து மாட்டினாலும் கவுக்குது."

"ரோங்குக்கு அடி பட்டுச்சா?"

"இல்ல. வெறும் சேறு."

"நாளைக்குப் போறப்போ மாத்துத் துணி எடுத்துட்டுப் போ."

மறுநாள் மாற்றுத் துணியோடு போனான். அன்றும் அது தேவைப்பட்டது. சுன்மெய் திட்டிக்கொண்டே துவைத்தாள். ஹுவோ தன் கையைத் தானே காவல் காத்தான். இழுக்காதே, இழுக்காதே என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நடந்தான். இழுக்கக் கூடாது என்று கையை விறைத்தால் ரோங்குக்குத் தோள் வலித்தது. தளர்த்தினால் கை தன் புத்தியைக் காட்டியது. எது சரி என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

ஒருநாள் சூளைக்குப் பக்கத்தில், விறகு அடுக்கியிருந்த இடத்தில் ரோங் நின்றான். மூச்சு வாங்கியது.

"நான் விழப்போறேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"விழறதுக்கு முன்னாலயே."

"ஒவ்வொரு தடவையும் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கு மேடையிலயும்?"

"தெரிஞ்சுது."

"கீழே கல்லு இருந்ததும் தெரியுமா?"

எல்லாம் சரி, எல்லாம் சரி என்று ஆசானிடமும் தன்னிடமும் மாதக்கணக்காகச் சொல்லி வந்தவன் ஹுவோ. கல்லைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை.

"மேடையில ஏறும்போதே பாத்தேன்," என்றான். "நீ எந்தப் பக்கம் சரிவேன்னும் தெரிஞ்சுது. கூட்டம் என் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டிருந்துச்சு, ரோங். எனக்கு அது நல்லா இருந்துச்சு."

ரோங் கையை எடுத்துக்கொண்டான். விறகைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் சூளையைப் பார்த்து நின்றான். சூளை வாயில் ஏதோ பறவை கூடு கட்டியிருந்தது. ஹுவோ மன்னிப்பு கேட்க நினைத்தான். அந்த வார்த்தை போதாது என்று தெரிந்ததால் கேட்கவில்லை. தாடி நனைய அழுதான்.

கடைசியில் ரோங் கையை நீட்டினான்.

"நட. நின்னா கால் மரத்துப்போகுது."

அன்றிலிருந்து ஹுவோ தன் கையைக் காவல் காப்பதை விட்டுவிட்டான். இழுக்காதே என்ற முணுமுணுப்பும் நின்றது. ரோங்கின் காலை மட்டும் கேட்டுக்கொண்டு நடந்தான்.

பனி விழத் தொடங்கியது. ஒரு காலையில் பாதை கண்ணாடியாக உறைந்திருந்தது. திரும்பிவிடலாம் என்றான் ஹுவோ. ரோங் கேட்கவில்லை. சூளையடிச் சரிவில் கால் பாரத்தை விட்டது.

ஹுவோவின் முன்கை அதைக் கேட்டது. தடுக்காமல், விறைக்காமல், ரோங் போன பக்கமே கூடப் போனது. போன வேகத்தில் மற்றக் கை, உள்ளங்கை மேலே பார்க்க, கீழிருந்து எழும்பியது. எழும்பி ரோங்கின் அக்குளுக்குள் நுழைந்தது. அவன் பாரம் முழுவதும் அந்தக் கைமேல் வந்து உட்கார்ந்தது.

ரோங் விழவில்லை.

ஹுவோ அசையாமல் நின்றான். ரோங்கின் நெஞ்சு அவன் கைமேல் ஏறி இறங்கியது. ஆற்றோடு போதல். மீனெடுத்தல். பள்ளி முற்றத்தில் வருடக்கணக்காகச் செய்த அதே அசைவு. ஒரு விரல்கூட இடம் மாறவில்லை. அன்று நெஞ்சில் இடித்த கைக்கும் இன்று தாங்கிய கைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"என்ன, மரமா நின்னுட்டே?" என்றான் ரோங்.

"கை நடுங்கல," என்றான் ஹுவோ.

*

ஆசான் முற்றத்தில் பனியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஹுவோ அவர் எதிரே போய் நின்று அந்த அசைவை மெல்லச் செய்து காட்டினான். முன்கை கூடப் போயிற்று. உள்ளங்கை எழும்பியது. காற்றில், ஓர் ஆளின் அக்குள் இருக்கக்கூடிய உயரத்தில் நிறுத்தினான்.

"இது கொக்கு இல்ல, ஆசானே."

ஆசான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"இல்ல," என்றார். "ஷியூலானோட புருஷனுக்கு ஒரு பக்கம் விளங்காம போயிருச்சு. தினமும் அவதான் அவனை ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போவா. அவன் விழறதுக்கு முன்னாலயே அவ கைக்குத் தெரிஞ்சிடும். ஒருநாள் திருடன் ஒருத்தன் வீட்டுக்குள்ள புகுந்து அவ கையைப் பிடிச்சான். அவனுக்கும் ஒரு கால் வெறுங்கால்தானே? சரிஞ்சான். அவ பழக்கத்துல அவனையும் தாங்கிப் பிடிச்சுத் தரையில உக்காத்தி வச்சுட்டா. அவன் பயந்து ஓடிட்டான். ஊரெல்லாம் பேச்சு பரவுச்சு. கத்துக்கணும்னு ஆளுங்க தேடி வந்தாங்க."

"இது தெரிஞ்சும் எங்களுக்குக் கொக்கைக் காட்டினீங்களா?"

"எனக்கும் கொக்கைத்தான் காட்டினாங்க. எங்கம்மா படுக்கையில விழுந்த வருஷம், அவங்களைப் பிடிச்சு நடத்தறப்போ என் கைக்குத் தானா தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் என் ஆசான் வாயைத் திறந்தார். உனக்கு முன்னால ஒருத்தன்கிட்ட நான் சொல்லிப் பாத்தேன். நல்லாத் தலையாட்டினான். மறுநாள் அதே கையால இன்னும் பலமா இடிச்சான். சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

அவர் சுவரில் வரைந்திருந்த கொக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"விட்டிருக்கக் கூடாது, ஹுவோ. ரோங் இடுப்பு முறிஞ்சதுல எனக்கும் பங்கு இருக்கு."

அவர் கண் கலங்கி ஹுவோ பார்த்ததில்லை.

ஆசான் உள்ளே போய்க் கச்சையை எடுத்துவந்து நீட்டினார். அது மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. ஹுவோ இரண்டு கையாலும் வாங்கினான். கட்டிக்கொள்ளவில்லை.

"ஒண்ணு மட்டும் புரியல, ஆசானே. அப்படித் தேடி வந்த சீடருங்க ஷியூலானை நேராவே பாத்துக் கத்துக்கிட்டவங்க. தினமும் அவ கையைப் பாத்தவங்க. தாங்கற கையைப் போய் இடிக்கற கைன்னு எப்படி நினைச்சாங்க?"

"அவங்க வந்து சேர்றதுக்குள்ள புருஷன் செத்துப்போயிட்டான்," என்றார் ஆசான். "அவ நடக்கறதை நிறுத்தல. விடிஞ்சதும் ஆத்தங்கரைக்குப் போவா. அதே நடை, அதே கை. அவங்க பாத்தப்போ அந்தக் கையில ஆள் இல்ல."