தேயாத திண்டு

திருநெல்வேலிக்கு வெளியே, காற்றாலைகள் சுற்றும் ஒரு பொட்டலில், துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் பயிற்சி தரும் களம் இருந்தது. கற்றுக்கொடுப்பவர் ஜெசிந்தா. கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருத்தி கோமதி, ஊருக்குள் பல் மருத்துவர். வயதில் மாணவிதான் மூத்தவள். ஆனாலும் களத்தின் வாசலைத் தாண்டிவிட்டால் அவளுக்கு ஜெசிந்தா ‘கோச்’. ஜெசிந்தாவுக்கு அவள் ‘டாக்டர்’.

கோமதியின் கைத்துப்பாக்கி, சுட்டவுடன் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. சுடும்போது அதன் மேல்மூடி பின்னால் பாய்ந்து முன்னால் திரும்பும். அந்தப் பாய்ச்சலை ஒரு ஸ்பிரிங் அடக்கும். ஸ்பிரிங்குக்கு அடங்காத மிச்ச அடியைப் பின்னால் இருக்கும் சிறிய ரப்பர் திண்டு வாங்கிக்கொள்ளும்.

கோமதி அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, மெலிந்த ஒன்றைப் போட்டிருந்தாள். அன்றிலிருந்து திண்டு நொறுங்க ஆரம்பித்தது. களத்தில் வேறு யாருக்கும் அப்படி நொறுங்கவில்லை.

“இது மட்டும் ஏன் கோச் இப்படித் தேயுது?”

“ஸ்பிரிங்கை ஏன் மாத்துனீங்க, டாக்டர்?”

“மூடியை இழுக்க லேசா இருக்கட்டுமேன்னு.”

ஜெசிந்தா உடைந்த திண்டை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு புதியதைக் கொடுத்தார். அடுத்த திண்டும் நொறுங்கியது. அதே கேள்வி, அதே பதில். டப்பாவில் ரப்பர்த் துண்டுகள் சேர்ந்துகொண்டே போயின.

சில மாதங்களில் மாநில அணிக்கான தேர்வு வரவிருந்தது. பல வருடம் கைக்கு எட்டாமல் போன இடம். இந்த முறை கோமதியின் குறி நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பார்த்துத் திண்டு நொறுங்கினால் எல்லாம் போச்சு.

அவளுடைய கிளினிக்குக்குப் பற்களுக்கான உலோகத் தொப்பிகளைச் செய்து தரும் கைவினைஞர் ஒருவர் பாளையங்கோட்டையில் இருந்தார். கோமதி திண்டின் அளவைக் கொடுத்து, அதே உலோகத்தில் ஒன்றை வார்த்துத் தரச் சொன்னாள்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை என்றிருக்க, முந்தைய வெள்ளிக்கிழமை மாலைதான் அதைக் கோச்சிடம் காட்டினாள்.

“இதைப் போட்டு மாசக்கணக்கா சுட்டாச்சு. ஒரு கீறல் இருக்கான்னு பாருங்க.”

ஜெசிந்தா திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இல்ல. நல்ல வேலை. யார் வாயில இருக்க வேண்டியது?”

கோமதி சிரித்தாள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, மேல்மூடியைக் கழற்றினார். திண்டு உட்காரும் அடிச்சட்டத்தின் மேல் மண்ணெண்ணெய் தடவினார். சற்றுப் பொறுத்து, துணியால் ஈரமே தெரியாமல் துடைத்தார். பிறகு சாக்பீஸைப் பொடித்து மேலே தூவினார்.

“என்ன கோச், பவுடர் போட்டு விடுறீங்க?”

“பொறுங்க.”

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் பொடியில், மயிரிழை போல, ஒரு ஈரக்கோடு மெதுவாக எழுந்து வந்தது. விரிசலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் கசிந்து, தான் இருக்கும் இடத்தைக் காட்டியது.

திண்டு வாங்காத அடியைச் சட்டம் வாங்கியிருந்தது. கோமதிக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இப்படிக் கோடு விழுந்த பற்களை அவள் தினமும் பார்ப்பவள்.

“ஞாயித்துக்கிழமை மட்டும் தாங்குமா?”

“இப்படி ஒரு பல்லோட வந்தவங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் முறுக்கு கடிச்சுக்கிறேன்னா என்ன சொல்வீங்க?”

கோமதி நாற்காலியில் உட்கார்ந்தாள். “ரப்பர் நொறுங்கினப்பவே நீங்க சொல்லியிருக்கலாம்” என்றாள். குரலில் கோபம் இருந்தது.

ஜெசிந்தா டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். “இவ்வளவு பேர் சொன்னாங்களே.”

கோமதி டப்பாவைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தாள்.

ஜெசிந்தா அலமாரியிலிருந்து களத்துக்குச் சொந்தமான துப்பாக்கியை எடுத்துவந்தார். அதே வகை, எதுவும் மாற்றப்படாதது. “ஞாயித்துக்கிழமைக்கு இதை எடுத்துக்கோங்க. கையெழுத்து நான் போட்டுத் தர்றேன். மூடியை இழுத்துப் பாருங்க.”

கோமதி இழுத்தாள். ஸ்பிரிங் கெட்டியாக இருந்தது. மூடி பாதி தூரம் வந்தது. அவள் முகம் சுளித்தது. மூடி கைநழுவி முன்னால் போய் அடித்தது.

மறுபடியும் இழுக்கப் போனவள், நிறுத்திவிட்டுத் தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

“எப்பயிருந்து வலி?” என்றார் ஜெசிந்தா.

கோமதி துப்பாக்கியை மேசை மேல் வைத்தாள்.

“ஸ்பிரிங்கை மாத்துறதுக்கு முன்னாடியிருந்து.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நிறுத்தச் சொல்லுவீங்க.”

வெளியே காற்றாலை சுற்றும் சத்தம் கேட்டது. கோமதி கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். பாதிக்கு மேல் காலி. ஒரு மாத்திரையைப் பிதுக்கி மேசை மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள்.

“இது ஒண்ணு போட்டா வலி தெரியாது, கோச். இழுத்துடுவேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கும்.”

ஜெசிந்தா அந்த உலோகத் திண்டை எடுத்து, மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இதுவும் நல்லாத்தான் தாங்குச்சு, டாக்டர்.”

கோமதி இரண்டையும் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். பிறகு சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டு, மேசையின் குறுக்கே, வலிக்கும் கையை அவர் பார்க்கட்டும் என்று நீட்டினாள்.