ஏரிக்கரைக்குப் போன மூன்று கல்

சோற்றை மென்றுகொண்டே கேளுங்கள், கண்ணுகளா. மலைக்கு மலை ஒரு ராஜா இருந்த காலத்திலே, வேலங்கோட்டையைப் பரிதி என்ற ராஜா ஆண்டுவந்தான். கோட்டைக்கு மேலே பெரிய ஏரி. கோட்டையைச் சுற்றி அகழி. ஏரித் தண்ணீர்தான் அகழியிலும் நிற்கும்.

ஏரிக்கரைக்கு அடியிலேயே கீழத்தெரு. அங்கே இருந்தவர்கள் பஞ்சம் பிழைக்க மலை தாண்டி வந்தவர்கள். வீட்டில் பேசுவது வேறு பாஷை. மலைக்கு அந்தப் பக்கத்து ராஜா பேசுவதும் அதே பாஷை. அவனோ பரிதிக்குப் பகையாளி. வினையே அங்கேதான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். தை பிறந்தால் தெருவுக்கு ஒரு கல் கொண்டுவந்து சபையில் போடுவார்கள். அதில் உட்காருகிறவர் அந்தத் தெருவுக்காகப் பேசலாம். கீழத்தெருவுக்கு மட்டும் கல் இல்லை.

ஒரு தையில், கீழத்தெரு மல்லவ்வா கல்லைத் தலையில் சுமந்து வந்தாள். தளபதி மாறவேள் மறித்தான். நம் பேச்சே சரியாக வராதவளுக்குச் சபையில் என்ன வேலை என்று கல்லை வெளியே உருட்டிவிட்டான்.

அடுத்த தையில் வந்தாள். நம் பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. இவ்வளவு நன்றாகக் கற்றவள் ஒற்றுக் கேட்கத்தான் கற்றிருப்பாள் என்று உருட்டிவிட்டான்.

மூன்றாம் தையில் வாயே திறக்காமல் நின்றாள். பேசாதவள் மனசில் என்னவோ வைத்திருக்கிறாள் என்று அதையும் உருட்டிவிட்டான்.

ஒவ்வொரு தடவையும் கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். எங்கே போட்டாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்த ஐப்பசியில் அடைமழை. ஏரி விளிம்பு வரை ததும்பியது. மல்லவ்வா சொட்டச் சொட்ட நனைந்து சபைக்கு ஓடிவந்தாள். நண்டு வளை வழியாகக் கரை கசிகிறது, மதகைத் திறந்து தண்ணீரை ஆற்றில் விட வேண்டும், பொழுது சாய்ந்தால் கரை தாங்காது என்றாள்.

மாறவேள் சிரித்தான். "ஏரி வற்றினால் அகழி வற்றும். அகழி வற்றினால் உன் பாஷைக்காரன் படையோடு நடந்தே வந்துவிடுவான். நல்ல யோசனைதான் கொண்டுவந்தாய், அம்மா."

சபை முழுக்க ஆமாம் போட்டது. ராஜா இரண்டு பக்கத்தையும் எடைபோட்டுப் பார்த்தான். திறந்தால் கோட்டை போகலாம். திறக்காவிட்டால் கரை போகலாம். வெளியே மழை விட்டபாடில்லை.

மல்லவ்வா கேட்டாள்: "ராஜா, கரை உடைந்தால் தண்ணீர் முதலில் என் வீட்டுத் தொட்டிலுக்குத்தான் வரும். அப்புறம்தான் உங்கள் கோட்டைக்கு. அந்தக் கரை நிற்கணும் என்று என்னைவிட ஆசைப்படுகிறவர் இங்கே யார்?"

ராஜா எழுந்து மழையோடு கரைக்கு நடந்தான். மாறவேளும் பின்னால் போனான்.

அங்கே கீழத்தெருவே மண் சுமந்துகொண்டிருந்தது. கசிகிற இடத்தில் மூன்று கற்கள் திணிக்கப்பட்டிருந்தன. மாறவேள் உருட்டிவிட்ட அதே கற்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் கரை நின்றது.

ராஜா மதகைத் திறக்கச் சொன்னான். ஏரி இறங்கியது. கரை பிழைத்தது. அகழியிலும் ஆள் முழுகத் தண்ணீர் மிச்சமிருந்தது.

அடுத்த தையில் ராஜா, உன் கல்லைக் கொண்டுவா என்று மல்லவ்வாவிடம் சொன்னான்.

"அதை உருவினால் கரை போய்விடும், ராஜா. நான் நின்றுகொண்டே பேசுகிறேன்" என்றாள் அவள்.

மாறவேள் எழுந்து வெளியே போனான். திரும்பி வந்தபோது அவன் தலையில் ஒரு கல் இருந்தது.

வேறு பாஷை பேசுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, கூட வாழ்கிறவர்களைச் சபைக்கு வெளியே நிறுத்தினால், ஊரின் காவல்தான் குறையும்.