கோட்டோரத்து நாற்காலி

தென்மண்டல விளையாட்டுப் போட்டியின் நான்காம் நாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் திரவியம் பேட்மின்டன் அரங்கின் சுவரோரம் கால் நீட்டிப் படுத்துவிட்டார். வயது முப்பத்தாறு. வலது முழங்காலில் ஐஸ் பை. பக்கத்தில் விலகல் படிவம், இன்னும் நிரப்பவில்லை.

காலையில் காலிறுதி. காரைக்கால் கலியமூர்த்தியோடு ஒரு மணி இருபது நிமிடம் மல்லுக்கட்டி, மூன்றாவது செட்டில் ஒருவழியாக ஜெயித்தார். தோற்றவர் நடந்து போனார். ஜெயித்தவரைத்தான் கைத்தாங்கலாகக் கூட்டிவர வேண்டியிருந்தது.

டாக்டர் முழங்காலை அமுக்கிப் பார்த்து, கோளாறு ஒன்றுமில்லை, தாராளமாக ஆடலாம் என்று சொல்லிவிட்டார். அலுப்புக்கு அவரிடம் மருந்து இல்லை.

நான்கு மணிக்கு அரையிறுதி. எதிராளிக்குப் பத்தொன்பது வயது. இதுவரை யாரிடமும் ஒரு செட்கூட விட்டதில்லை. ஆனால் இங்கே ஒரு சௌகரியம் உண்டு. அரையிறுதியில் தோற்கிற இருவருக்கும் வெண்கலம், மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் கிடையாது. ஆடாமல் விலகினாலும் அதேதான். அப்படி வந்த வெண்கலம் திரவியத்தின் வீட்டில் ஏற்கெனவே ஐந்து இருந்தது. ஆறாவதையும் வாங்கிக்கொண்டு சாயந்திர ரயிலைப் பிடித்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

அவருடைய மாஸ்டர் இம்தியாஸ் வந்தார். மாஸ்டர் என்றதும் நரைத்த தாடியை எதிர்பார்க்க வேண்டாம். சீடரைவிட நாலு வயது இளையவர். திரவியம் அவரை மாஸ்டர் என்பார், அவர் திரவியத்தை அண்ணே என்பார். இருவருக்கும் கூச்சம் விட்டுப்போய்ப் பல வருடம் ஆகிறது.

"மாஸ்டர், தோக்கிறதுக்கும் ஆடாம இருக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுக்கும் ஒரே பதக்கம்தானே?"

இம்தியாஸ் படிவத்தை எடுத்து இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"குடுத்துரலாம்ணே. அதுக்கு முன்னாடி கலியமூர்த்தி அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க. நம்ம ஆட்டத்துக்காகத்தான் உக்காந்திருக்கார். பாவம், ஊருக்குப் போகட்டும்."

அந்தப் போட்டியில் ஒரு வழக்கம். நடுவர்களுக்கு எப்போதும் பஞ்சம் என்பதால், ஓர் ஆட்டத்தில் தோற்றவர் அதே களத்தின் அடுத்த ஆட்டத்துக்குக் கோட்டு நடுவராக உட்கார வேண்டும். ஷட்டில் உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று கை காட்டுகிற வேலை. தோற்ற எரிச்சலில் யாரும் கையை மாற்றிக் காட்டியதாக இதுவரை புகார் இல்லை.

நல்ல சேதிதானே சொல்லப் போகிறோம் என்று திரவியம் நொண்டியபடி போனார்.

ஆட்டத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடந்தது. கலியமூர்த்தி அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். காரைக்கால் அணியின் வேன் அப்போதே கிளம்பிவிட்டதாம். பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்று இவர் மட்டும் தங்கிவிட்டாராம். திரவியத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க. வலையைத் தாண்டினதுமே விழுற மாதிரி ஒரு ட்ராப் போடுறீங்களே, காலையில பதினாலு தடவை அதுல ஏமாந்தேன். ஓடி எடுக்கிற அவசரத்துல, அதை எப்படிப் போடுறீங்கன்னு ஒரு தடவைகூட பாக்க முடியல. இப்ப நிம்மதியா உக்காந்து பாக்கப் போறேன். இந்த மூலையில இருந்தாத் தெரியுமா, அந்த மூலையா?"

திரவியம் எதிர் மூலையைக் கை காட்டினார். கலியமூர்த்தி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்து, கழுத்தை நீட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

திரவியம் திரும்பி வந்து சுவரில் சாய்ந்தார்.

"சொல்லிட்டீங்களாண்ணே?"

"இல்ல."

தூரத்தில் கபடி மைதானத்து விசில் கேட்டது. திரவியம் ஐஸ் பையை எடுத்து மறுபடி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பையனை என்னால ஜெயிக்க முடியாது மாஸ்டர்."

"முடியாதுண்ணே."

"அப்புறம் எதுக்கு?"

இம்தியாஸ் படிவத்தை அவரிடம் நீட்டினார்.

"தோத்தா, நாளைக்கு அந்தப் பையன் ஆடுற ஃபைனலுக்கு அந்த நாற்காலி உங்களுக்கு. ஆடாம போனவங்களை அதுல உக்கார வைக்க மாட்டாங்க."