ஓநாய் கொடுத்த பெயர்

காட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே பாஷை இருந்த காலம் அது. ஓநாய் கேட்டால் மனிதன் பதில் சொல்லுவான். மனிதன் திட்டினால் மான் திருப்பித் திட்டும். அயர்லாந்து என்று இன்று நாம் சொல்லும் அந்த மழைத் தீவின் தெற்கே, சூர் ஆற்றின் கரையில், கோர்ம்லா என்று ஒருத்தி இருந்தாள். ஆடு வளர்க்கிற குடும்பம். புருஷன் ஏங்கஸ் நல்லவன், அதிகம் பேசமாட்டான். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கும், ஆனால் தங்காது.

பிறந்த உடனே போயிருந்தால்கூட ஒரு மாதிரி. இந்த வீட்டுப் பிள்ளைகள் தவழ்ந்து, நடந்து, நாலு வார்த்தை பேசிப் பெற்றவர்களை மயக்கிய பிறகுதான் போயின. நோய் என்றார்கள், குளிர் என்றார்கள். மூன்றாவது பிள்ளை போன அன்றுதான் கோர்ம்லாவுக்குக் காரணம் தெரிந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து நூல் திரித்துக்கொண்டிருந்தாள். நூலின் நுனி பல்லில் இருந்தது, வாயைத் திறக்க முடியாது. அப்போது கூரையிலிருந்து அவளுடைய குரலே கேட்டது.

"ஏடன், இங்க வாடா கண்ணு."

முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து, "என்னம்மா?" என்றான். அவ்வளவுதான், அப்படியே சரிந்துவிட்டான். கூரையில் சாம்பல் நிறக் காக்கை ஒன்று அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

சாவு அந்தத் தீவில் எருமை ஏறி வருவதில்லை. காக்கையாக வந்து கூரையில் உட்காரும். வேண்டியவர்களின் குரலில், பேர் சொல்லி, ஒரே ஒரு தடவை கூப்பிடும். ஏன் என்று கேட்டால் உயிர் அந்த வார்த்தையோடு போய்விடும். கூப்பிட்டால் பதில் பேசாதே என்று பிள்ளைக்குச் சொல்லி வைக்கலாமே என்பீர்கள். அம்மா கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்காத பிள்ளையை வளர்த்து என்ன செய்வது?

நம் ஊரில் பிள்ளை தங்காத வீட்டில் குப்பை என்றும் பிச்சை என்றும் பேர் வைப்பார்கள். யமன் முகம் சுளித்துக்கொண்டு போய்விடுவான் என்று நம்பிக்கை. கோர்ம்லாவும் மறுபடி முழுகாமல் இருந்தபோது அந்த வழியில்தான் யோசித்தாள். காக்கை வாயில் எடுக்கத் துணியாத பேர் ஏதாவது உண்டா என்று தேடினாள். ஒன்று இருந்தது. அந்தக் காக்கை ஓநாயின் பின்னால் திரிந்து, அது மிச்சம் வைத்ததைக் கொத்தித் தின்று வளர்ந்த ஜென்மம். ஓநாய் என்றால் அதற்குக் குலை நடுங்கும். அதன் பேரைச் சொன்னால் எங்கே வந்து நின்றுவிடுமோ என்று, மறந்தும் அந்தப் பேரைச் சொல்லாது.

அந்த ஓநாயின் பேர் ஃபேலான்.

"ஆட்டுக்காரன் பொண்டாட்டி ஓநாய்கிட்டப் போய்ப் பிச்சை கேக்கிறதா?" என்றான் ஏங்கஸ்.

"பிச்சைதான். உங்க கௌரவம் வந்து பிள்ளையக் காப்பாத்துமா?" என்று கேட்டுவிட்டு அவள் மலை ஏறினாள்.

ஓநாய் குகை வாசலில் படுத்திருந்தது. எழுந்திருக்கவில்லை.

"ஆட்டுக்காரங்க வீட்டுப் பொம்பளதானே நீ? இந்தக் குகை வாசல்ல தீ மூட்டினது உங்க ஆளுங்கதான். என் குட்டிங்க எல்லாம் புகையிலயே செத்துப்போச்சு."

"தெரியும். எனக்கும் மூணு போச்சு" என்றாள் கோர்ம்லா.

ஓநாய் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு இன்னொருவரின் வலியைப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு, "என்ன வேணும்?" என்றது.

"உங்க பேரு."

"பேர் ஒண்ணுதான் இருக்கு தாயி. குடுத்துட்டா அப்புறம் அது என்னோடது இல்ல. என் கூட்டம் என்னை எதைச் சொல்லிக் கூப்பிடும்?"

"இந்த மண்ணோட மகன்னு உங்களைக் கூப்பிடறோம்."

"அது பட்டம். பேர் இல்ல."

கோர்ம்லா அழுதுவிட்டாள். "எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல. பிறக்கப்போற பிள்ளைக்குப் பேர் வைக்க ஒரு தாய்மாமன் இல்ல. உங்களை அண்ணனா நினைச்சுக் கேக்கறேன்."

ஓநாய் எழுந்து நின்றது. "சரி தங்கச்சி, எடுத்துக்கோ. உன் மகன் எங்க இருந்து கூப்பிட்டாலும் நான் வருவேன். நான் அவன்கிட்ட எதுவும் கேக்கமாட்டேன். என்னைக்காவது நான் பேர் சொல்லிக் கூப்பிட்டா, அவன் ஏன்னு கேக்கணும். அது போதும்."

"கேப்பான் அண்ணே. என் வயித்துல பிறந்தவன் கேப்பான்."

இன்னும் முகம் பார்க்காத பிள்ளைக்காக அவள் கொடுத்த வாக்கு அது.

பையன் பிறந்தான். ஃபேலான் என்று பேர் வைத்தார்கள். பேசத் தொடங்கிய வயதில் காக்கை வந்து கூரையில் உட்கார்ந்தது. அலகைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அந்தப் பேரைச் சொல்ல அதற்குத் தைரியம் வரவில்லை. பறந்து போய்விட்டது. கோர்ம்லா அன்றைக்கு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். பல வருஷம் கழித்துச் சாப்பிட்ட சாப்பாடு.

மாமன் சொன்ன சொல் தவறவில்லை. பனிக்காலத்தில் மான் தொடை ஒன்று வாசலில் கிடக்கும். ஒரு முறை பையன் சதுப்பில் கால் வைத்து இடுப்பு வரை புதைந்துபோய், "மாமா!" என்று கத்தினான். ஓநாய் எங்கிருந்தோ ஓடி வந்து, சட்டையைப் பல்லால் கவ்வி, மூச்சிரைக்க இழுத்துப் போட்டது. பையன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீடு வரை அழுதுகொண்டே வந்தான்.

ஆனால் மலையில் நிலைமை சரியில்லை. பேர் இல்லாத தலைவனைக் கூட்டத்தால் கூப்பிட முடியவில்லை. வேட்டை நாய்கள் ஒரு பக்கம் வளைக்கும்போது மறுபக்கம் இருப்பவனுக்குச் சேதி சொல்ல வழியில்லை. ஒன்றொன்றாகச் செத்தன. தங்கையிடம் ஓநாய் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் அதற்கு இல்லை, அது நம்முடைய பழக்கம்.

ஃபேலான் வளர்ந்து எத்னா என்ற பெண்ணைக் கட்டினான். பெரிய இடம். மலைச்சரிவு முழுக்க அவர்கள் ஆடுதான். அவளுடைய அண்ணன்மார் கன்றுக்குட்டி உயரத்துக்கு வேட்டை நாய் வளர்த்தார்கள். சீதனமாக வந்த ஆடுகளோடு ஃபேலானுக்குப் புது மரியாதையும் வந்தது. ஏங்கஸ் இதற்குள் காலமாகிவிட்டான். ஒருநாள் மகன் அம்மாவிடம், "அந்த மாமா கதைய எத்னாகிட்டச் சொல்லிடாத. அவ அண்ணனுங்களுக்குத் தெரிஞ்சா என்னை மனுஷனா மதிப்பாங்களா?" என்றான்.

"கதையாடா அது?" என்றாள் கோர்ம்லா.

அவன் ஆட்டை ஓட்டக் கிளம்பிவிட்டான். ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யாரோ நான் யாரோ. மாமா என்று கூப்பிட்ட வாய், "அந்த மிருகம்" என்று சொல்லப் பழகிக்கொண்டது. வாசலில் மான் தொடை கிடந்தால், யாரும் பார்ப்பதற்குள் எடுத்து ஆற்றில் போட்டுவிடுவான். அவனுக்கு வரிசையாகப் பிள்ளைகள் பிறந்தன. ஒவ்வொன்றுக்கும் எத்னா வீட்டார் வந்து ஆளுக்கொரு பேர் வைத்துவிட்டுப் போனார்கள். ஓநாய் வந்து போகிற வாசல் என்று காக்கை அந்தக் கூரைப் பக்கமே வரவில்லை.

அந்த வருஷம் பனி கடுமையாக இருந்தது. ஒரு பட்டப்பகலில், ஃபேலான் கடைசிப் பிள்ளையை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். எத்னா பக்கத்தில் இருந்தாள். கால் முடங்கிப்போன கோர்ம்லா அடுப்பருகே கிடந்தாள். தூரத்தில் நாய்கள் குரைத்தன. பிறகு கதவுக்கு வெளியே, மிக அருகில், இரைக்கிற மூச்சு கேட்டது.

"ஃபேலான். நான்தான். கதவைத் திற."

எத்னா நிமிர்ந்தாள். "யாரு, உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடறது?"

"யாருமில்ல. காத்து."

காக்கை அந்தப் பேரைச் சொல்லாது என்று அவனுக்குத் தெரியும். வேறு யாரும் அந்தக் குரலில் பேசமாட்டார்கள் என்றும் தெரியும். ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட அவனுக்கு இடமில்லை. கதவைத் திறந்தால் மனைவி பார்ப்பாள், பின்னாலேயே வருகிற மைத்துனர்கள் பார்ப்பார்கள், இத்தனை நாள் கட்டிக் காத்த மரியாதை போகும்.

"டேய், உன் மாமன்டா" என்று கோர்ம்லா அடுப்பருகிலிருந்து கத்தினாள். "ஏன்னு ஒரு வார்த்தை கேளுடா. நான் வாக்குக் குடுத்திருக்கேன்டா."

"ஃபேலான்" என்றது வெளியே குரல்.

அவன் பிள்ளையின் வாயில் இன்னொரு கரண்டி கஞ்சியை வைத்தான்.

கோர்ம்லா கையை ஊன்றி இழுத்துக்கொண்டே கதவுக்குப் போனாள். தாழ்ப்பாள் கட்டையை அவளால் தூக்க முடியவில்லை. அவள் விரல்கள் கட்டையில் இருக்கும்போதே நாய்கள் வந்துவிட்டன. அதன் பிறகு கேட்டதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

மைத்துனர்கள் கதவைத் தட்டினார்கள். ஃபேலான் திறந்தான். "பாருங்க மச்சான், உங்க வாசல்லயே வந்து விழுந்துட்டான்! இந்த மலையில கடைசி ஓநாய் இதுதான்!" என்று தோளில் தட்டிச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். தோலை உரித்து, அவனுக்கே பரிசு என்று சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் சாம்பல் நிறக் காக்கை வந்தது. முதலில் வேலியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தது. திறந்திருந்த கதவு வழியாகச் சுவரில் தொங்கிய தோலைப் பார்த்தது. பிறகு கூரைக்கு ஏறியது. இப்போது அந்தப் பேரைச் சொல்ல அதற்கு என்ன பயம்?

"ஃபேலான். நான்தான். கதவைத் திற."

ஓநாயின் குரல். அதே இரைப்பு.

"பேசாதடா!" என்று அலறினாள் கோர்ம்லா. "அது காக்காடா! உன் மாமன் இல்லடா!"

அவன் காதில் விழுந்ததோ என்னவோ. விழுந்தும்தான் எழுந்தானோ. அன்றைக்குத் திறக்காத வாய் இன்றைக்குத் திறந்துகொண்டது. "இதோ வந்துட்டேன் மாமா" என்று ஓடினான். திறந்து கிடந்த கதவைத் திறக்கக் கையை நீட்டியபடியே வாசற்படியில் விழுந்தான்.

கோர்ம்லா நாலாவது பிள்ளையையும் புதைத்தாள்.

எத்னா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "இனி என் பிள்ளைங்களையும் ஒவ்வொண்ணா கூப்பிடுமே, நான் என்ன செய்வேன் அத்தை?"

கோர்ம்லாவின் கண்ணில் அப்போது கண்ணீர் இல்லை. "எல்லாப் பிள்ளைக்கும் அப்பன் பேரையே வை" என்றாள். "ஃபேலான் வழி வந்தவன், ஃபேலான் வழி வந்தவள். வீட்டுக்குள்ள கூப்பிட என்ன பேர் வேணாலும் இருக்கட்டும். வெளியில இது ஒண்ணுதான். பக்கத்து வீட்டுக்கும் குடு, மேய்க்க வர்றவனுக்கும் குடு. கேக்கறவனுக்கு இல்லைன்னு சொல்லாத. ஒரே பேருக்கு நூறு பேர் திரும்பினா, எவன் உயிரை எடுக்கறதுன்னு அந்தச் சனியனுக்குத் தெரியாது."

அப்படியே செய்தார்கள். அடுத்த முறை காக்கை கூப்பிட்டபோது ஆற்றங்கரை முழுக்க ஏன், என்ன, யாரு என்று சத்தம் எழுந்தது. காக்கை மிரண்டு பறந்துவிட்டது. சாவு அதோடு நின்றுவிடவில்லை, அது எங்கே நின்றது? இப்போதும் வருகிறது, ஆனால் ஆளைத் தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு ஒருவரை எடுத்துப் போகிறது.

பேர் பெருகியது. ஃபேலான் வழி வந்தவர் என்ற பொருளில், அந்தத் தீவின் பாஷையில் ஓ ஃபேலான் என்று குலப் பேரானது. பிறகு வேறு பாஷைக்காரர்கள் வந்து ஆண்டபோது அவர்கள் வாயில் வீலன் என்றும் ஃபீலன் என்றும் தேய்ந்தது. பிழைப்புத் தேடியும் பஞ்சத்துக்குத் தப்பியும் அந்தப் பேர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறி, நியூஃபவுண்ட்லாந்தின் மீன்பிடிக் கரைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். ஆற்றங்கரையில் மிச்சம் இருந்தவர்களும் கொஞ்சம் பேர் இல்லை.

அதெல்லாம் பிற்பாடு. மகன் போன பிறகும் கோர்ம்லா நெடுநாள் இருந்தாள். சாயங்காலம் ஆனால் தன்னைத் தூக்கி வாசலில் உட்கார வைக்கச் சொல்லுவாள். மலையைப் பார்த்து, "ஃபேலான்! அண்ணே, ஃபேலான்!" என்று கூப்பிடுவாள். பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. உடனே எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். "என்ன அப்பத்தா?" "எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று பேரப்பிள்ளைகளும் ஊரார் பிள்ளைகளும் ஓடி வந்து நிற்பார்கள்.

"உங்கள இல்லடா" என்பாள். "போங்க, போய் விளையாடுங்க."

அந்தப் பனிக்காலத்துக்குப் பிறகுதான் அந்தத் தீவின் பாஷையில் ஓநாய்க்கு மண்ணின் மகன் என்ற பட்டம் மட்டும் நின்றது, அந்த மண்ணில் ஓநாய் இல்லாமல் போனது. உலகத்தில் எந்தத் துறைமுகத்தில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் யாராவது ஒரு மனிதன் ஏன் என்று திரும்பிப் பார்க்கிறான். சூர் ஆற்றங்கரை மலையில் நின்று கூப்பிட்டால் மட்டும், யாருடைய பேரோ அவன் வருவதில்லை.