சுண்ணாம்பு அடைத்த சன்னல்

அந்தக் காலத்தில் மிருகங்கள் மட்டுமல்ல, மிருகங்களின் மூக்குக்குள் குடியிருந்தவர்களும் வாய் ஓயாமல் பேசினார்கள். ஒரு புள்ளிமானின் மூக்கில் கண்ணுக்குத் தெரியாத அறைகள் ஏராளம். அறைக்கு ஒரு வாசம். தாழம்பூ அறையில் துடியாள் என்ற தூதுக்காரி இருந்தாள். தாழம்பூ வாசம் வாசலைத் தொட்டால் அவள் உள்ளே ஓடிச் சன்னலைத் திறப்பாள். வெளியிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் குபுகுபுவென்று பாயும். அந்த வேகத்தில் மணி அடித்து மானின் தலைக்குச் சேதி போய்விடும். வாசம் இருக்கும்வரை சன்னலை மூடக் கூடாது என்பது மானின் கட்டளை.

மானுக்குத் தாழம்பூ என்றால் உயிர். ஒருநாள் ஆற்றங்கரைத் தாழம்புதரை ஒட்டியே குட்டியோடு போய்ப் படுத்துக்கொண்டது. காலையில் தொடங்கிய மணி உச்சிவெயில்வரை ஓயவில்லை. துடியாளுக்குக் கால் கடுத்தது, கோபமும் வந்தது.

அப்போது பக்கத்திலிருந்த சிறுத்தை வாச அறையிலிருந்து அவள் தங்கை கத்தினாள். "அக்கா, சிறுத்தை வாசம் வந்திருக்கு. நான் அடிக்கிற மணி உன் சத்தத்துல அமுங்கிப்போகுது."

துடியாள் மானைக் கூப்பிட்டாள். "அம்மா, தாழம்பூ வந்ததைக் காலையிலேயே சொல்லியாச்சு. கொஞ்சம் நிறுத்திக்கிறேன்."

"நிறுத்திப் பாரு," என்றது மான், கண்ணைத் திறக்காமலே. "தும்மி வெளியே தள்ளிடுவேன்."

"சிறுத்தை வருதும்மா."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. சோம்பல் பட்டுக்கிட்டுக் கதை விடாதே."

"நான் கத்துறவரைக்கும் உங்களுக்குத் தெரியவே தெரியாது." துடியாள் சேலையை இழுத்துச் செருகினாள். "தும்மிக்கோங்க. தெரிஞ்ச சேதியையே கத்திக் கத்தி ஒரு குட்டியைச் சாகக் கொடுக்க என்னால முடியாது."

தரையில் தேங்கிக் கிடந்த சுண்ணாம்பை இரண்டு கையாலும் அள்ளினாள். கை வெந்தது. விடவில்லை. சன்னலைச் சாத்தி, இடுக்கு முழுக்க அப்பினாள். மணி நின்றது.

அந்த அமைதியில் தங்கையின் மணி கணீரென்று கேட்டது. மான் குட்டியை முட்டி எழுப்பிக்கொண்டு ஆற்றில் பாய்ந்தது. சிறுத்தையின் நகத்தில் தாழை மடல்தான் கிழிந்தது.

அக்கரை சேர்ந்ததும் மான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அதற்கோ ரோஷம், ஓங்கித் தும்மியது. துடியாள் சன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் தும்முங்கம்மா. புது வாசம் வந்தா திறப்பேன். பழகிட்டா அடைப்பேன். இனி இப்படித்தான்."

அதைக் கேட்ட மற்ற அறைக்காரிகளும், சேதி பரவி மனிதர் மூக்கில் இருந்தவர்களும் ஆளுக்கு ஒரு கை சுண்ணாம்பு அள்ளினார்கள்.

அன்று முதல்தான் தன் வீட்டு வாசம் வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை; புதிதாக ஒன்று நுழைந்தால் மட்டும் மூக்கு உடனே சொல்லிவிடுகிறது.